பிறர் நோவு நம் நோவாகும்போது



1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தார் எளிதில் மறவார். அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அரியாலையூடாகச் செல்லும் கண்டி வீதி, செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி நகர்ந்த மக்களால் நிறைந்தது. மழையிலும் நெரிசலிலும் சில மைல் தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் சென்றது. உங்களுள் பலர் அவ்வழி நடந்தவர்கள். முன்பின் அறியாத முதியவரைத் தம் சைக்கிளில் இருத்தி உருட்டிச் சென்றவரைக் கண்டிருப்பீர்கள். விழுந்தவரைப் பாராது கடந்தவரையும் கண்டிருப்பீர்கள். தம் உயிரே நிச்சயமற்ற வேளையில் ஒருவரை நிற்கச் செய்தது எது?

2004 இல் இலண்டனில் தானியா சிங்கர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 16 இணையரை ஆராய்ந்தனர். பெண்ணின் மூளையை ஸ்கான் செய்தவாறே, அவருடைய கைக்கும் துணைவரின் கைக்கும் மாறிமாறிச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தனர். வலியின் வேதனையை உணர்த்தும் ‘இன்சுலா’ என்னும் மூளைப்பகுதி, துணைவர் வலியுற்றபோதும் இயங்கியது. நம் உள்ளுறுப்புகளின் நிலையை உணர்வதும் அப்பகுதியே. லூக்கா நற்செய்தி 10 ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கொண்ட இரக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. படைத்தவர் இரக்கத்தை நம் உடலிலேயே பொறித்துள்ளார்.

எனினும், விலகிச் சென்ற குருவுக்கும் லேவியருக்கும் அதே மூளைதானே இருந்தது? 1973 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒளி தருகிறது. அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் நகரில் இறையியல் மாணவர்கள் சொற்பொழிவாற்ற அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் துவண்டு கிடந்தார். அவகாசம் இருந்தவர்களுள் நூற்றுக்கு 63 பேர் உதவினர்; மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களுள் நூற்றுக்கு 10 பேரே உதவினர். அம்மாணவர்களுட் சிலர் பேசச் சென்றதோ இதே சமாரியன் உவமையைப் பற்றித்தான்! அதைப் பீடத்திலிருந்து போதிக்கும் என்னையும் இது தலைகுனியச் செய்கிறது.

இரக்கம் இயல்பாய் எழலாம். நிற்பது நம் தீர்மானம். இன்று அதே வீதியில் நம்மை எவரும் துரத்தவில்லை, ஆயினும் விரைகிறோம். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, மதிலுக்கு அப்பால் ஒரு முதியவர் தனித்திருக்கிறார். இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்புகையில் அவர் படலையடியில் சற்றே நில்லுங்கள். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவர் ஆண்டவரே.