வயோலா: கைக்கும் குரலுக்கும் இடையே ஒரு சமரசம்

தோற்றத்தில் வயலினை ஒத்திருப்பதால், மேற்கத்திய இசைக்குழுக்களில் வயோலா என்றொரு கருவி இருப்பதையே பலர் கவனிப்பதில்லை. ஆனால் அதன் குரல் வேறு. அடித்தொண்டையில் பேசுவது போன்ற, சற்றே கரகரத்த அந்தக் குரல், கருவியின் கட்டுமானத்திலுள்ள ஒரு குறையிலிருந்தே பிறக்கிறது.

வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்குச் சுமார் 196 முறை அதிர்கிறது. வயோலாவில் அது சுமார் 131. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். நமது வழக்கில் சொன்னால், பஞ்சமத்திலிருந்து சட்ஜமத்துக்கு இறங்கும் தூரம். இந்தத் தாழ்ந்த சுரங்கள் வயலினில் போலவே நிறைவாக ஒலிக்க வேண்டுமானால், பெட்டியும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். வயலின் பெட்டியின் நீளம் சுமார் 36 சென்டிமீட்டர். ஆகவே வயோலாவுக்குத் தேவைப்படுவது 54. அத்தனை பெரிய கருவியைத் தோளில் தாங்கி வாசிக்க மனிதக் கை போதாது. எனவே பெரும்பாலும் 38 முதல் 43 சென்டிமீட்டருக்குள் அதனைச் செய்கிறார்கள். வயலினுக்கு இருப்பது போன்ற நிலையான அளவு இதற்கு இன்றுவரை இல்லை.

அரசியலில் இதற்குச் சமரசம் என்று பெயர். இரு தரப்புக்குமே முழுத் திருப்தி கிடைப்பதில்லை. சிறுத்துவிட்ட பெட்டி, கீழ்ச் சுரங்களின் அடிநாதத்துக்குப் போதிய வலுவைத் தருவதில்லை. அதனோடு இழையும் மேல் அதிர்வுகளே அங்கு ஓங்கி நிற்கின்றன. வயோலாவின் கரகரப்பும், பலர் அதில் உணரும் துயரச் சாயலும் இதன் விளைவே.

வயலினில் தேறாதவர்களின் புகலிடம் என்று நெடுங்காலம் இகழப்பட்ட இந்தக் கருவிக்காக வாழ்நாள் முழுதும் வாதாடியவர், பிரிட்டிஷ் கலைஞர் லயனல் டெர்டிஸ் (1876-1975). பெட்டியைச் சுமார் 42.5 சென்டிமீட்டராக்கி அவர் வகுத்த வடிவம் 1930களில் உருவானது. முரண் என்னவென்றால், வில்லியம் வால்டன் எழுதிய வயோலா கன்செர்ட்டோவை வாசிக்க மறுத்தவரும் அவரே. 1929இல் லண்டனில் அதனை முதலில் வாசித்தவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பால் ஹிண்டமித். தமது முடிவு தவறு என்று டெர்டிஸ் பின்னர் ஒப்புக்கொண்டார். அந்தப் படைப்பைத் தாமே மேடையில் வாசிக்கவும் செய்தார்.

கர்நாடக இசையுலகில் எம். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவும் வாசித்தவர். தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கும் நமது முறையில், தோளுக்குச் சுமை குறைவு என்பதையும் இங்கு சொல்ல வேண்டும்.

ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் 1975 ஆகஸ்டில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் கடைசியாக எழுதி முடித்தது, வயோலாவுக்கும் பியானோவுக்குமான ஒரு சொனாட்டா.