மீனை விட்டுவிட்டுப் படியுங்கள்

யோனா என்றதும் எல்லோருக்கும் மீன்தான் ஞாபகம் வரும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைய அதுதானே தோது! ஆனால் வேதாகமத்தில் நாலே அதிகாரமுள்ள யோனா புத்தகத்தில் விஷயம் இருப்பது கடைசியில். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

நினிவே அசீரியர்களின் பெருநகரம். இன்றைய ஈராக்கில், மோசூலை ஒட்டி அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேல் அரசை அழித்தவர்கள் இதே அசீரியர்கள்தான். அந்த ஊரைப் போய் எச்சரிக்கச் சொல்கிறார் கடவுள். யோனாவோ யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார். பயந்து ஓடினார் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். காரணத்தை நாலாம் அதிகாரத்தில் அவரே போட்டு உடைக்கிறார்: கடவுள் இரக்கக்காரர், இவர்களையும் மன்னித்துவிடுவார் என்று தெரிந்துதான் ஓடினாராம்.

மீன் வயிற்றிலிருந்து கரை சேர்ந்த பிறகு, வேண்டா வெறுப்பாக நினிவேக்குப் போய் 40 நாள் கெடு வைக்கிறார். எபிரேயத்தில் மொத்தப் பிரசங்கமும் ஐந்தே சொல். திருந்தினால் பிழைக்கலாம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனாலும் ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். ஆடுமாடுகளுக்கும் உபவாசம், இரட்டு உடை! மன்னிப்பு கிடைக்கும் என்று அவனுக்கு உறுதி சொன்னவர் யாருமில்லை. ஒருவேளை கிடைக்கலாம் என்ற நம்பிக்கைதான்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். எபிரேயத்தில் 'ஷூப்' என்றால் திரும்புதல், போன வழியை விட்டுத் திரும்பி வருவது. நம் 'மனந்திரும்புதல்' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஊரார் தீய வழியை விட்டுத் திரும்புவதற்கும், கடவுள் கோபத்தை விட்டுத் திரும்பக்கூடும் என்று ராஜா எதிர்பார்ப்பதற்கும் அதே சொல்தான் வருகிறது. கடவுள் பார்த்ததாகச் சொல்லப்படுவது அவர்களுடைய இரட்டையோ உபவாசத்தையோ அல்ல, செய்கையை. யூத ரபிகளின் மிஷ்னாவே இதை எடுத்துக் காட்டுகிறது.

கடவுள் ஊரை அழிக்காமல் விட்டுவிடுகிறார். திரும்பாதவர் ஒரே ஒருவர், யோனா. ஊருக்குக் கிழக்கே உட்கார்ந்து, அழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நிழல் தந்த செடியைப் புழு அரித்ததும் சாவதே மேல் என்கிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்கு. நீ பாடுபட்டு வளர்க்காத ஒரு செடிக்கே இவ்வளவு வருத்தமென்றால், 1,20,000 பேருக்கும் மேல் வாழும் ஊருக்குத் தாம் இரங்கக் கூடாதா என்று கேட்கிறார் கடவுள். மிருகங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்பது இல்லை; கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் இதை முழுக்க வாசிக்கிறார்கள். நீங்கள் அந்த நாலாம் அதிகாரத்தை மட்டுமாவது இன்றிரவு படித்துவிடுங்கள். 11 வசனம்தான்.