உறையில் வரும் விதை முளைக்காது: அரிய எலுமிச்சை இனம் தேடுவோர் கவனத்துக்கு

ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. மேலே பளபளக்கும் நார்த்தம்பழப் படம், பக்கத்தில் ‘அரிய நாட்டு ரகம்’ என்ற எழுத்து. உள்ளே சுருங்கி வெளுத்த பத்துப் பன்னிரண்டு விதைகள். நகத்தால் கீறினால் தோல் உமியாகக் கழலும். விற்றவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. காரைக்காலில் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இதைச் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கித் தொட்டியில் ஊன்றுகிறார்கள். ஒரு மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, “எனக்குக் கைராசி இல்லைங்க” என்று மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த விதை உறைக்குள் போகும்போதே செத்திருக்கும்.

எலுமிச்சைக் குடும்பத்து விதை, நெல்லைப் போலக் காயவைத்துக் குதிரில் கொட்டிவைக்கிற சரக்கு அல்ல. ஈரம் போனால் உயிரும் போய்விடும். பழத்திலிருந்து எடுத்துக் கழுவிய விதையைச் சில நாட்களுக்குள் ஊன்ற வேண்டும். தள்ளிப்போட வேண்டுமென்றால் ஈரத்துணியில் சுற்றி, உறையிலிட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துச் சில வாரங்கள் காப்பாற்றலாம். மாதக்கணக்கில் கடைவாசலில் தொங்கிய விதை முளைத்தால் அது அதிசயம். ஆகவே விதை வேண்டும் என்றால் உறையைத் தேடாதீர்கள், பழத்தைத் தேடுங்கள். பழம் வேண்டும் என்றால் மரத்தைத் தேடுங்கள்.

மரம் இருக்கிறது. நிரவி, திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு என்று கொல்லை வைத்துக் கட்டிய பழைய வீடுகளில், ஊறுகாய்க்கு இன்றும் வீட்டுக் காயையே பறிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நார்த்தையும் கிடாரங்காயும் அங்கேதான் கிடைக்கும். ஒரே சிக்கல், ஊறுகாய்க்குப் பச்சைக்காயாகவே பறித்துவிடுவார்கள். “ரெண்டு காயை மட்டும் மரத்திலேயே விட்டு வைங்க அக்கா, மஞ்சளானதும் வந்து எடுத்துக்கிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். முற்றாத காயின் விதை உதவாது.

பழுத்த காயை நறுக்கும்போது கத்தி விதையை வெட்டாதபடி குறுக்கே மேலாகக் கீறிப் பிளந்து எடுங்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு போகும்வரை கழுவுங்கள். தண்ணீரில் மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள். மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளை தெரியும். எலுமிச்சையில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது உண்டு. அவற்றில் திடமானவை பெரும்பாலும் தாய்மரத்தின் அச்சாகவே இருக்கும், நோஞ்சானைக் கிள்ளிவிடுங்கள். பம்ப்ளிமாசில் இது நடக்காது. ஒரு விதைக்கு ஒரு முளைதான், அதுவும் கலப்பில் வந்தது. தாயின் குணம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ‘அதே ருசி, உத்தரவாதம்’ என்று பம்ப்ளிமாசு விதை விற்கிறவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தே சொல்கிறவர்.

பெயரை நம்பி வாங்காதீர்கள். நார்த்தை, கிடாரங்காய், கொழிஞ்சி என்ற பெயர்கள் ஊர் தாண்டினால் வேறு வேறு காய்களைக் குறிக்கின்றன. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் ரசீதில் தாவரவியல் பெயரை எழுதச் சொல்லுங்கள், உதாரணமாக ‘சிட்ரஸ் மெடிகா’ என்று. எழுதத் தயங்கினால் காசை எடுக்காதீர்கள்.

காட்டு இனம் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஆவுடையார்கோயிலின் தலமரமான குருந்து, எலுமிச்சைக் குடும்பத்தின் காட்டு உறவு. நம் கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் மரம். பக்கத்தில்தானே கோடியக்கரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நாலு பழம் பறித்து வருவோம் என்று கிளம்பாதீர்கள். அது 1967 முதல் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவுப்படி அங்கிருந்து அனுமதி இல்லாமல் எதை எடுத்தாலும் குற்றம், சிறை வரை போகும். மேகாலயாவின் நோக்ரெக் தேசியப் பூங்காவில் காக்கப்படும் காட்டு ஆரஞ்சு விதை இணையத்தில் விற்பனைக்கு வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: யார் அனுமதியில் எடுத்தார்கள்? குருந்து வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது. ஆரோவில் தாவரவியல் பூங்கா இந்தக் காட்டு மரங்களை வளர்க்கிறது. அங்கே கேளுங்கள், வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள்.

விதைக்குப் பொறுமை இல்லை, ஒட்டுக்கன்றே வாங்குகிறேன் என்பவர்கள் கன்றின் அடியைப் பாருங்கள். ஒட்டுக்கட்டிய இடம் தெரிய வேண்டும். அதற்கு மேலே உயிருள்ள கிளை இருக்க வேண்டும். மேல்குச்சி பட்டுப்போய், ஜம்பேரி வேர்ச்செடி மட்டும் தளதளவென்று தழைத்திருக்கும் கன்றை ‘அரிய ரகம்’ என்று தலையில் கட்டுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே முளைத்தது எல்லாம் வேர்ச்செடிதான், நீங்கள் வாங்கிய ரகம் அல்ல. இலையில் சொறிப்புள்ளி இருந்தாலும், ஒரு பக்கம் பச்சை மறு பக்கம் மஞ்சள் என்று திட்டுத்திட்டாக இருந்தாலும் தொடவே வேண்டாம். கிரீனிங் நோய் ஒட்டு வழியாக வரும், அதற்கு மருந்து இல்லை, பக்கத்து வீட்டு எலுமிச்சையையும் கொண்டுபோய்விடும்.

ஏமாந்தால் எங்கே போவது? காரைக்கால்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். அலுவலகங்களும் அதற்கு உதவுகின்றன: இங்கே போனால் “அது தமிழ்நாட்டுக் கடை”, அங்கே போனால் “நீங்க புதுச்சேரி”. இரண்டு பக்கமும் கையை விரித்ததும் ஆட்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள்.

1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை பழம், காய்கறி விதைகளோடு கன்று, ஒட்டு, பதியன் எல்லாவற்றையும் விதை என்றே கணக்கில் எடுக்கிறது. விற்பவருக்கு உரிமம் வேண்டும். இருப்பும் விலையும் எழுதிய பலகை கடையில் இருக்க வேண்டும். வாங்குபவருக்கு ரசீது கொடுத்தாக வேண்டும். கேட்டால் கொடுப்பது அல்ல, கொடுத்தே ஆக வேண்டியது. உரிமத்தை மீறிய கடை மீதான புகார், கடை இருக்கும் இடத்து விதை ஆய்வாளருக்குப் போக வேண்டும். கடை காரைக்காலில் என்றால் இங்குள்ள வேளாண் துறை கூடுதல் இயக்குநர் அலுவலகம். முதலில் உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். கடை நாகையிலோ மயிலாடுதுறையிலோ என்றால் அந்த மாவட்ட விதை ஆய்வாளர், அதாவது தமிழ்நாட்டு விதைச் சான்றளிப்புத் துறை. வாய்ச்சொல்லாகச் சொல்லாதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்ப வேண்டும் என்பது வேறு வழக்கு. அதற்குக் கடை எந்த ஊரில் இருந்தாலும் கவலை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். சிறு தொகைகள் பல நேரம் அங்கேயே தீரும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள். விற்பவர் பெயரும் முகவரியும் காட்டாத தளத்தில் வாங்கவே வாங்காதீர்கள்.

“விதையைப் பரிசோதிக்கக் கொண்டுவா” என்று எதிர்த்தரப்பு மிரட்டும். விதை முழுவதையும் ஊன்றிவிட்ட விவசாயியிடம் மாதிரியை எடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2012-இல், தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் தெளிவாக்கியது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்றும் சொன்னது. இருந்தாலும் ஆதாரத்தை நீங்களே சேர்த்துவையுங்கள். உறையைக் கிழிக்கும் முன் இரு பக்கமும் படம் எடுங்கள். இரண்டு விதையை நீளவாக்கில் பிளந்து உள்ளே பழுப்பேறிக் கிடப்பதைப் படம் எடுங்கள். முளைக்காத தொட்டியோடு மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவகர்லால் நேரு வேளாண் கல்லூரிக்கோ போய் நிபுணர் கருத்தை எழுத்தில் கேளுங்கள். புகாருக்குக் கெடு 2 ஆண்டு. ரகம் மாறிப்போனது காய்த்தால்தான் தெரியும், விதைக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும் என்கிறீர்களா? தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஏற்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் அன்றைக்கு உங்கள் கையில் ரகத்தின் பெயர் எழுதிய ரசீது இருக்க வேண்டும். ரசீது, ரசீது, ரசீது. இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது.

விதை ஆய்வாளரிடம் கொடுத்த மனு தூங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலுத்தி நடவடிக்கை விவரம் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் காரைக்கால் அலுவலகம் பதில் தராவிட்டால் இரண்டாம் மேல்முறையீடு தில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. நாகை அலுவலகம் என்றால் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. மாற்றி அனுப்பினால் மாதங்கள் வீணாகும்.

கொல்லையில் விளைந்த விதையை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது குற்றமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. இல்லை. 2001-ஆம் ஆண்டு தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு விவசாயிக்கு விதையைச் சேமிக்க, பகிர, மாற்றிக்கொள்ள, விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயர் போட்டு விற்பதுதான் கூடாது.

பயம் வேண்டிய இடம் வேறு. காரைக்காலில் பிரான்சில் உறவு இல்லாத தெரு குறைவு. போகும்போது அம்மா ஆசையாகக் கொடுத்த நார்த்தங்கன்று பெட்டிக்குள் போகிறது; வரும்போது அங்கிருந்து ஏதோ அரிய எலுமிச்சை விதை வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எலுமிச்சை இனக் கன்று கொண்டுபோகவே தடை. 2019 டிசம்பர் 14 முதல் பயணியின் பையில் இருக்கும் விதைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவை. ஊறுகாயாகப் போட்டுக் கொண்டுபோங்கள், எந்தச் சிக்கலும் இல்லை. இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கும் 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். கேட்காமலே வெளிநாட்டிலிருந்து விதைப் பொட்டலம் தபாலில் வந்தால் பிரிக்காதீர்கள். 2020 ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகமே இதுபற்றி எச்சரித்தது. ஊன்றாதீர்கள், குப்பையிலும் எருக்குழியிலும் போடாதீர்கள். உறையோடு அப்படியே இன்னொரு பையில் கட்டி வேளாண் அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குங்கள். சான்றிதழ், அனுமதி பற்றிய விவரம் சென்னை மீனம்பாக்கத்தில் உள்ள மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் கிடைக்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் கேளுங்கள், விமான நிலையத்து வரிசையில் நின்றுகொண்டு அல்ல.