ரயில் காத்திருந்தது, கப்பல்கள் வெளிவந்தன

இஸ்தான்புல்லில் சுரங்க ரயில் நிலையத்துக்காகத் தோண்டிய குழி நகரின் வயதையே மாற்றிவிட்டது

குழி தோண்டியது ரயிலுக்காக. பாஸ்பரஸ் ஜலசந்திக்கு அடியில் ஆசியக் கரையையும் ஐரோப்பியக் கரையையும் இணைக்கும் மர்மரே பாதைக்கு, இஸ்தான்புல்லின் பழைய நகர்ப்பகுதியான யெனிகாபியில் ஒரு நிலையம் தேவைப்பட்டது. கட்டுமானத்துக்கு முன்னால் மண்ணைச் சோதிக்க, 2004இல் தொல்பொருள் அருங்காட்சியக ஆய்வாளர்கள் இறங்கினார்கள். வேலை முடிய 2013 ஆகிவிட்டது.

மேலே இருந்தது ஒட்டோமான் காலத் தோட்ட மண். வெள்ளரிக்காய்க்குப் பேர்போன லங்கா தோட்டங்கள் இங்கேதான் இருந்தன. அதற்குக் கீழே, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் உருவான தியோடோசியஸ் துறைமுகம். லைக்கோஸ் ஓடையின் வண்டல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்துவிட்டது. துறைமுகத்தைக் கொன்ற அதே சேறுதான் கப்பல்களைக் காப்பாற்றியது. காற்றுப் புகாத ஈரத்தில் மரம் மக்கவில்லை. சரக்குக் கப்பல்களும் துடுப்புப் போர்க்கலங்களுமாக மொத்தம் 37 கிடைத்தன.

அதோடு நிற்கவில்லை. கடல் மட்டத்துக்கும் சுமார் 6 மீட்டர் கீழே புதிய கற்காலக் குடியிருப்பு, கல்லறைகள், சேற்றில் பதிந்த மனிதக் காலடிகள். சுமார் 2,700 ஆண்டுப் பழமை கொண்டதாகக் கருதப்பட்ட நகரத்தில், 8,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் வாழ்ந்தது தெரியவந்தது.

ரயிலுக்குக் காத்திருந்தவர்களுக்கோ பொறுமை போய்விட்டது. திட்டம் சுமார் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. சட்டி பானைகளுக்காக வேலை நிற்பதா என்று அப்போதைய பிரதமர் எர்டோகனே பகிரங்கமாக அலுத்துக்கொண்டார். ஆனால் ரயில் திட்டம் இல்லையென்றால், நெருக்கமான இந்த நகர்ப்பகுதியில் இவ்வளவு பெரிய குழியை யாரும் தோண்டியிருக்க மாட்டார்கள்.

அவசரத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1950களில் நாகார்ஜுனசாகர் அணை நீர் சூழும் முன், நாகார்ஜுனகொண்டாவில் இந்தியா நடத்தியதும் இத்தகைய மீட்பு அகழாய்வே. அங்கே சில கட்டடங்களைப் பெயர்த்துக் குன்றின் மேல் மீண்டும் நிறுவ முடிந்தது. யெனிகாபியில் அடுக்குகளைப் பெயர்த்து வைக்க வழியில்லை. கப்பலைப் பார்க்கத் தோட்டத்தை வெட்ட வேண்டும். காலடியைப் பார்க்கக் கப்பலை அகற்ற வேண்டும். கலைத்த அடுக்கு மறுபடி வராது. அளவு, வரைபடம், புகைப்படம் என அன்று பதிவு செய்ததுதான் மிச்சம்.

கப்பல்களைப் பலகை பலகையாகப் பிரித்து நீர்த்தொட்டிகளில் இட்டார்கள். அப்படியே உலரவிட்டால் மரம் சுருங்கி வெடித்துவிடும். எனவே மரத்திலுள்ள நீருக்குப் பதிலாக மெழுகு போன்ற ரசாயனத்தை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். பெரும்பாலான கப்பல்களுக்கு இந்தப் பொறுப்பை ஏற்றது இஸ்தான்புல் பல்கலைக்கழகம்.

2013 அக்டோபர் 29இல் மர்மரே ரயில் ஓடத் தொடங்கியது. கப்பல் பலகைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்தன.