சுழலும் துளியும் பிளக்கும் கருவும்

உவமை கவிஞனுக்கு மட்டும் உரிய சொத்தன்று. விஞ்ஞானியும் அதனை நாடுகிறான். உவமை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் வினை, பயன், வடிவு, நிறம் என நான்காக வகுத்தார். அணுக்கருவின் பிளவை விளக்கியது வினையும் வடிவும் பற்றிய ஓர் உவமையே. அது எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதே இன்றைய பேச்சு.

1938 டிசம்பரில் பெர்லினில் ஒட்டோ ஹானும் பிறிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கினர். விளைபொருள்களில் பேரியம் இருந்தது. அது யுரேனியத்திலும் மிக இலேசான மூலகம். அது எப்படி வந்தது? ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து தப்பிச் சுவீடனில் வாழ்ந்த லீசே மைட்னர், நத்தார் விடுமுறையில் தம் சகோதரியின் மகன் ஒட்டோ பிறிஷுடன் இதனை ஆராய்ந்தார். கருவைத் திரவத் துளியாகக் காணும் எண்ணம் அப்போதே இருந்தது. துளியை உருண்டையாகப் பிடித்து வைப்பது அதன் மேற்பரப்பு இழுவிசை. கருவிலோ அந்த இழுவிசையை எதிர்த்துப் புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நியூத்திரன் வந்து புகுந்ததும் துளி ததும்பி நீள்கிறது, இடை மெலிகிறது, இரண்டாகிறது. இதற்குப் 'பிளவு' என்ற பெயரைப் பிறிஷ் உயிரியலில் கலம் பிரியும் செயலிலிருந்து எடுத்தார்.

இனி, அந்தத் துளி சுழன்றால்? வேகமாக வரும் ஒரு கரு இன்னொன்றின் மையத்தை விட்டு விலகி மோதி அதனோடு கலந்தால், இணைந்த கரு பம்பரமாகச் சுழலும். ஒன்றின் பின் இருபது பூச்சியம் இட்டால் வரும் தொகை, அது ஒரு செக்கனில் சுற்றும் சுற்றுகளின் அளவைக் காட்டும். மழைநாளில் ஓடும் சைக்கிள் சில்லு சேற்றை வீசியெறிவது போல, இச்சுழற்சி கருவின் பொருளை வெளிநோக்கித் தள்ளுகிறது. மெல்லச் சுழலும் துளி தோடம்பழம் போல இரு முனைகளிலும் தட்டையாகும்.

சுழற்சி மிகும்போது வேறொன்று நிகழ்கிறது. நடனமாடுபவர் கைகளை ஒடுக்கினால் விரைந்து சுழல்வார். விரித்தால் வேகம் தணியும். அதுபோல, அதே கோண உந்தத்தை நீண்ட உடல் குறைந்த சக்தியோடு தாங்கும். ஆகவே நடுத்தர எடையுள்ள கரு, தட்டை வடிவை விட்டு நீள்கிறது. பிளவைத் தடுத்து நிற்கும் சக்தி அணை சுழற்சி கூடக் கூடத் தாழ்ந்து, இறுதியில் இல்லாமலே போகிறது. இக்கணக்கை 1974இல் கோஹன், பிளாசில், சுவியாடெக்கி மூவரும் விரிவாக வெளியிட்டனர். பாரமான புதிய மூலகங்களை ஆக்க முயல்வோருக்கு இது பெருந் தொல்லை. அரும்பாடுபட்டு இணைத்த கரு மிகையாகச் சுழன்றால், பிறந்த கணத்திலேயே உடைந்துவிடும்.

ஆனால் உவமை பொருளாகிவிடாது. 1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வுகூடத்தில், டிஸ்புரோசியம் 152 என்ற கரு, அகலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீண்டு கடுஞ்சுழற்சியில் இருந்தும் பிளவாது நிற்பது தெரியவந்தது. வெறும் துளியாக இருந்தால் அந்த வடிவத்தில் அப்படி நிலைத்திராது. உள்ளே துகள்கள் குறிப்பிட்ட சக்திநிலைகளில் ஒழுங்காக அமைந்திருப்பதே அதனைக் காக்கிறது. நீர்த்துளிக்கு அத்தகைய உள்ளொழுங்கு கிடையாது.

நேயர்களே, மைட்னருக்கு வழி காட்டிய துளி பொய்யன்று, முழு உண்மையுமன்று. மாணவர்க்கு உவமை கற்பிக்கையில் ஒப்புமையை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறோம். எங்கே ஒவ்வாது என்றும் கேட்கப் பழக்குவோம்.