இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய இரத்தம்

"மது நமக்கு ஹராம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவனைப் பற்றிய சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நம் மக்கள் ஃபஜ்ருத் தொழுகைக்கு இருட்டிலேயே நடக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளையை அழைத்துவர நள்ளிரவில் திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார் புறப்படுகிறது. எதிரே வருபவன் குடித்திருந்தால், அந்தக் குடி நம் வீட்டில் மய்யித்தாக வந்து இறங்கும். அப்போது நாம் எதைக் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய வேளை. திருவனந்தபுரத்தில் 'சிராஜ்' நாளிதழின் செய்தியாளர் கே.எம். பஷீர் மீது கார் மோதியது, அவர் வஃபாத்தானார். மனைவியையும் சிறு குழந்தைகளையும் விட்டுச் சென்றார். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் மருத்துவமும் படித்த ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. முதலில் பரிசோதித்த அரசு மருத்துவர் மது வாடை வீசியதாகக் குறித்தார் என்றும், இரத்தம் எடுக்கும்படி போலீசார் கேட்கவில்லை என்றும் செய்திகள் வெளிவந்தன. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் கழிந்த பிறகே இரத்தம் எடுக்கப்பட்டது. அதில் மது இல்லை என்று அறிக்கை வந்தது!

இதில் வியப்பில்லை. உடலில் சேர்ந்த மது மணிக்கு மணி கரைந்துகொண்டே இருக்கும். 100 மில்லி இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைவதாகக் கொண்டால், 120 மில்லிகிராம் இருந்தவனுக்கு எட்டு மணி நேரத்தில் ஒன்றுமே மிஞ்சாது. சட்டம் அனுமதிக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான். (1988-இல் சட்டம் இயற்றியபோது, எவ்வளவு சிறிதளவாயினும் குற்றம் என்றே எழுதியிருந்தார்கள். 1994-இல் இந்த 30 புகுந்தது. எழுதியபடியே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.)

இரத்தம் எடுக்க நீதிமன்றத்தின் வாரண்ட் வேண்டாமா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவில் வேண்டும். ஊதிப் பார்க்கும் சோதனைக்கு வாரண்ட் தேவையில்லை, ஊசி குத்தி இரத்தம் எடுக்க ஒப்புதலோ வாரண்டோ வேண்டும், அவசரச் சூழல்கள் மட்டும் விலக்கு என்பது 2016-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. நம் நாட்டில் அப்படியில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 203, 204-ஆம் பிரிவுகளின்படி, ஊதிப் பார்த்ததில் மது தெரிந்தாலோ, ஊத மறுத்தாலோ, கைது செய்யப்பட்டவரிடம் பதிவு பெற்ற மருத்துவர் மூலம் இரத்தம் தரும்படி போலீஸ் அதிகாரியே கேட்கலாம். தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிரான சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது 205-ஆம் பிரிவு. பெண்ணிடம் ஆண் மருத்துவர் இரத்தம் எடுப்பதானால், வேறொரு பெண் உடனிருந்தே தீர வேண்டும் என்பதும் சட்டமே.

வாரண்டுக்குப் பதிலாக நம் சட்டம் கடிகாரத்தை வைத்திருக்கிறது. குடித்து ஓட்டியதற்காக வாரண்ட் இன்றிக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202-ஆம் பிரிவு. ஆனால் கைதே செய்யாவிட்டால் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. ஓட்டியவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தாலும் இரத்தம் கேட்கலாம். சிகிச்சைக்குக் கேடு என்று அவரைக் கவனிக்கும் மருத்துவர் ஆட்சேபித்தால் மட்டுமே கூடாது. எனவே 'ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார், ஒன்றும் செய்ய முடியாது' என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தச் சோதனை நிரபராதிக்கும் கவசம். 1971-இல் பச்சுபாய் ஹசனலி கரியானி வழக்கில், மது வாடை, தள்ளாட்டம், குழறல் பேச்சு ஆகியவற்றை மருத்துவர் கண்டிருந்தும், இரத்தச் சோதனை இல்லாத நிலையில் குடித்திருந்தார் என்று உறுதியாகக் கொள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம். குடிக்காத நம் பிள்ளை மீது யாரோ 'வாடை அடித்தது' என்று சொன்னால், அவன் தயங்காமல் கையை நீட்டட்டும். ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட் தடவித் துடைக்க விடாதிருப்பது நல்லது. பின்னாளில் அதுவே வாதமாகும்.

பஷீரின் வழக்கில் 2022 அக்டோபரில் அமர்வு நீதிமன்றம், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் கடும் பிரிவை நீக்கியது. 2023 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அதை மீண்டும் சேர்க்க வைத்தது. அந்த ஒரு பிரிவுக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய காலம் எவ்வளவு! ஓர் ஊசியும் ஒரு குப்பியும் அன்றிரவே தீர்த்திருக்கக் கூடிய ஐயம் அது.

விபத்தில் அடிபட்டவரோடு அரசு மருத்துவமனைக்கு ஓடும்போது நம் கண் அவர் மீதுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் உடன் செல்லும் ஜமாஅத்தார் ஒருவர், ஓட்டியவர் எங்கே இருக்கிறார், இரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று பணியிலிருக்கும் போலீஸ் அதிகாரியிடம் கேட்கட்டும். எடுக்கவில்லையெனில் அங்கேயே நின்று ஒரு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு நேரத்தையும் குறித்து வாங்கட்டும்.