கொழுப்பு மாத்திரை: யாருக்கு உடனே, யாருக்குப் பொறுத்து?

ரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதை உடம்பு காட்டிக்கொடுக்காது. பிடரி வலி, தலைச்சுற்று, கை கால் மரத்துப்போவது என்று ஊரில் சொல்லப்படும் அடையாளங்கள் பெரும்பாலும் வேறு காரணங்களால் வருபவை. ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி. 30 வயது கடந்தவர்களுக்கு அரசு நடத்தும் தொற்றாநோய்ப் பரிசோதனையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. கொழுப்பு அதில் வழக்கமாகச் சேர்வதில்லை. ஆந்திராவின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பலருக்கு முதல் சோதனையே நெஞ்சுவலி வந்து படுக்கையில் சேர்ந்த பிறகுதான் நடக்கிறது. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், 18 வயதிலேயே முதல் சோதனையைச் செய்துவிடச் சொல்கிறது.

சோதனைச் சீட்டில் நான்கு எண்கள் முக்கியம். மொத்தக் கொலஸ்ட்ரால் 228, எச்டிஎல் 38, டிரைகிளிசரைடு 210, எல்டிஎல் 148 என்று ஒரு சீட்டு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்கள் கடைசி எண்ணை நேரடியாக அளப்பதில்லை. கணக்குப் போட்டு எழுதுகின்றன. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 42. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் இந்த 42-ஐயும் கழித்தால் 148. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது எல்டிஎல்லைத் தனியாக அளக்கும்படி கேட்க வேண்டும். ரத்தக்குழாய்ச் சுவரில் படிவது முதன்மையாக எல்டிஎல்தான். மாத்திரை வேண்டுமா என்ற முடிவும் அதை வைத்தே எடுக்கப்படுகிறது.

ஆனால் அந்த எண் மட்டும் முடிவைச் சொல்லாது. இந்த 148 ஒரு 42 வயதுக்காரருடையது. அவருக்குச் சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இளவயது மாரடைப்பு இல்லை என்றால், மூன்று முதல் ஆறு மாதம் உணவையும் நடையையும் திருத்திப் பார்த்துவிட்டு மறுபடி சோதிக்க அவருக்கு அவகாசம் உண்டு. அதே 148 ஸ்டென்ட் வைத்த 58 வயதுக்காரருடையது என்றால் காத்திருக்க நேரமில்லை. மேற்சொன்ன வழிகாட்டுதல் ஆபத்து குறைந்தவருக்கு எல்டிஎல் 100-க்குக் கீழும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு 70-க்குக் கீழும், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே "இயற்கையா, மாத்திரையா" என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை விட்டுவிட்டு நன்றாக இருக்கிறார் என்பது இன்னொருவருக்கு ஆதாரமாகாது.

எல்டிஎல் 190-ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே இளவயதில் அடைப்பு வரலாம். இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தைப் பருவத்திலேயே முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் இருக்கும் தென்னாட்டுக் குடும்பங்களில் இந்த இரட்டை வாய்ப்பு கூடுதல். இவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதவே போதாது. ஒருவருக்குக் கண்டுபிடித்தால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிப்பது கடமை.

மருந்தில்லாமல் எவ்வளவு இறங்கும் என்பதற்குத் தெளிவான அளவுகள் உண்டு. கனடாவின் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு நார்ச்சத்து, பாதாம், சோயா, தாவர ஸ்டெரால் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் உணவுமுறையை வகுத்தது. 2003-ல், சமைத்த உணவை ஆய்வாளர்களே கொடுத்துச் சாப்பிட வைத்தபோது எல்டிஎல் 28 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 2011-ல், அவரவர் வீட்டிலேயே ஆறு மாதம் கடைப்பிடிக்கச் சொன்னபோது 13, 14 சதவீதம்தான் இறங்கியது. இரண்டாவது எண்ணே நடைமுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கில் 148 என்பது 129 வரை வரும். ஆபத்து குறைந்தவருக்கு அது நல்ல முன்னேற்றம். 55-க்கு வர வேண்டியவருக்குப் போதாது.

ராயலசீமையின் பழைய சாப்பாடு இதற்குத் தோதானது. ராகி சங்கட்டி, கொள்ளுச் சாறு, கீரைப் புளிக்கூட்டு, நிலக்கடலைத் துவையல் எல்லாம் நார்ச்சத்தும் நல்ல கொழுப்பும் உள்ளவை. சித்தூர் மாவட்டம் நிலக்கடலை விளையும் பூமி. கடலை எண்ணெயில் கெட்டிக்கொழுப்பு (நிறைவுற்ற கொழுப்பு) ஐந்தில் ஒரு பங்கு, பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கெடுதல் வந்தது பாமாயிலிலும் வனஸ்பதியிலும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த போண்டா, புனுகுலு, பேக்கரித் தின்பண்டங்களிலும்தான். எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். திருமலை லட்டில் ஒரு துண்டைப் பிரசாதமாக எடுத்துக்கொள்வதால் யாருக்கும் அடைப்பு வந்துவிடாது. தினசரி அடுப்பில் ஊற்றப்படும் எண்ணெய்தான் கவனிக்க வேண்டியது. மாதம் ஆளுக்கு அரை லிட்டரைச் சுற்றி என்பது சத்துணவு நிபுணர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஓட்ஸ், பார்லி, இசப்கோல் உமி ஆகியவை எல்டிஎல்லை ஐந்து முதல் பத்து சதவீதம் வரை இறக்கக்கூடியவை. வாரம் 150 நிமிட வேக நடை டிரைகிளிசரைடை இறக்கும். எல்டிஎல்லைப் பெரிதாக மாற்றாது. திருமலைக்கு ஏறும் அலிபிரி வழியின் 3,550 படிகளைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ள நினைக்கும் இதய நோயாளிகள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

"இயற்கை" என்ற பெயரில் விற்கப்படும் மாத்திரைகள் தனிக் கதை. குக்குலு சுசுருதர் காலத்திலிருந்து பேசப்படும் மருந்து. 1980-களில் இந்தியாவில் கொழுப்பு மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் முறையாகச் சோதித்தபோது, குக்குலு சாப்பிட்டவர்களின் எல்டிஎல் நான்கைந்து சதவீதம் ஏறியது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இறங்கியது. செம்பூஞ்சை அரிசி என்ற சீன மருந்து உண்மையிலேயே கொழுப்பைக் குறைக்கும். காரணம், அதிலிருப்பது லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான். அளவு மட்டும் யாருக்கும் தெரியாது. 2024-ல் ஜப்பானில் அந்த வகைத் தயாரிப்பு ஒன்று பலரின் சிறுநீரகத்தைக் கெடுத்துத் திரும்பப் பெறப்பட்டது. இதய நோய், தமனித் தடிப்பு, உடல் பருமன் ஆகியவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ன் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் குற்றம் என்கிறது. அந்த மருந்து எந்த மருத்துவ முறையைச் சேர்ந்ததாக இருந்தாலும் இது பொருந்தும்.

மாத்திரைக்கு வருவோம். கொழுப்பைக் குறைக்க மருத்துவர்கள் எழுதும் ஸ்டாட்டின் வகை மருந்துகளுக்கு முதல் வழி காட்டியவர் ஜப்பானின் அகிரா எண்டோ. 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தார். அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எல்டிஎல்லை 35 முதல் 40 சதவீதம் வரை இறக்கும். 80 மில்லிகிராம் பாதிக்கு இறக்கும். அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பதில்லை. ஏறக்குறைய ஆறு சதவீதம்தான் கூடும். 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேர் ஐந்தாண்டுக்கு மேல் கண்காணிக்கப்பட்டார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேரும், சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 182 பேரும் இறந்தார்கள். இதய நோய் இன்னும் வராதவர்களுக்குப் பலன் இவ்வளவு பெரிதல்ல. அங்கேதான் யோசித்து முடிவெடுக்க இடம் இருக்கிறது.

ஆபத்துகளும் அளக்கப்பட்டவையே. 255 பேர் நான்கு வருடம் ஸ்டாட்டின் சாப்பிட்டால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரும் என்று 2010-ல் 13 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டார்கள். ஏற்கெனவே சர்க்கரையின் விளிம்பில் இருப்பவர்களுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது. அவர்கள் மருந்து தொடங்கிய பின் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது அவசியம். தசை வலிதான் அதிகம் சொல்லப்படும் குறை. பக்கவிளைவுகளால் மாத்திரையை விட்ட 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பிரிட்டனில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டின் மாதங்களில் இருந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய்யல்ல, காரணம் பெரும்பாலும் மருந்தல்ல என்பதே அதன் பொருள். ஆனால் தசை நைந்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மிக அரிதாக வரும் அந்த நிலை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். செரிவாஸ்டாட்டின் என்ற மருந்து இதனால் நேர்ந்த இறப்புகளுக்காக 2001 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது.

தொடங்குமுன் தைராய்டைச் சோதிப்பது நல்லது. தைராய்டு குறைவே கொழுப்பை ஏற்றும். அதைச் சரிசெய்தால் சிலருக்கு ஸ்டாட்டினே தேவைப்படாது. அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைக் கேடும் எளிதில் வரும். கல்லீரல் சோதனையும் ஒருமுறை வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பொதுவாக ஸ்டாட்டின் கொடுக்கப்படுவதில்லை. கிளாரித்ரோமைசின், இட்ராகொனசோல், ஜெம்ஃபைப்ரோசில் போன்றவை ஸ்டாட்டினோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். காய்ச்சலுக்கும் படைக்கும் கடையில் மருந்து கேட்பவர்கள் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்னொரு சிக்கல் இந்தப் பகுதிக்கே உரியது. வேலூரில் ஒரு மருத்துவர், சித்தூரிலோ திருப்பதியிலோ இன்னொருவர் என்று காட்டுபவர்கள் வெவ்வேறு பெயரில் ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்கிவிடுகிறார்கள். அடோர்வாஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் சேர்ந்த காப்சூல் ஒரு சீட்டில், தனி அடோர்வாஸ்டாட்டின் மற்றொரு சீட்டில். அட்டையின் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

தெலுங்கில் பேச்சு, ஆங்கிலத்தில் சீட்டு, வீட்டில் தமிழ் என்று வாழும் நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதி மக்களுக்கு ஓர் உரிமை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து எதற்கு, எவ்வளவு நாள், என்ன கெடுதல் வரலாம், மாற்று என்ன என்பதைப் புரியும் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைப் பட்டயம் சொல்கிறது. மருந்தை எந்தக் கடையில் வாங்குவது, சோதனையை எந்த ஆய்வகத்தில் செய்வது என்பதும் நோயாளியின் விருப்பமே. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்டாட்டின், சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணை மருந்து. ரசீது கேட்டு வாங்குவது பின்னால் புகார் கொடுக்க உதவும். அடோர்வாஸ்டாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அதற்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. மக்கள் மருந்தகங்களில் அதைவிடவும் மலிவு.

பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். இது இழப்பீட்டுக்கான வழியல்ல, அடுத்தவருக்கு எச்சரிக்கை. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம். கட்டண மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பக்கவிளைவு வந்தது என்பதே கவனக்குறைவு ஆகிவிடாது. சேரக்கூடாத மருந்துகளைச் சேர்த்து எழுதியது, தசை வலியைச் சொல்லியும் சோதிக்காதது போன்றவற்றைச் சீட்டுகளோடு காட்ட வேண்டும். 2019 சட்டத்தின்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வேலூரில் சிகிச்சை பெற்ற சித்தூர்க்காரர் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் எந்த விளம்பரத்தையும் எந்தக் காணொளியையும் நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. தொல்லை இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்தைக் கேட்கலாம்.